மதகும் கணினியும்

கல்லணையை அடையும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிகின்றது. மதகுகளை விரும்பியவரெல்லாம் திறப்பின், கடைமடை வயல்கள் காய்ந்துபோகும் அன்றோ? ஆதலின் அப்பொறுப்பு நீர்வளத் துறையினரிடம் உள்ளது.

பலர் பயன்படுத்தும் கணினிக்கும் இம்முறை பொருந்தும். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்ஸ் இயங்குதளம், கருவிகளையும் கோப்புகளாகவே கருதிற்று. அதனை ஒட்டி எழுந்த லினக்ஸில், ஒவ்வொரு கருவிக்கோப்பிற்கும் உரிமையாளர், குழுவினர், பிறர் என மூவகையார்க்கும் தனித்தனியே இசைவு வகுக்கப்பட்டுள்ளது. கருவியைத் திறக்க முற்படுவோர்க்கு அவ்விசைவு உண்டா என இயங்குதளம் ஆராயும், இல்லையெனின் மறுக்கும்.

ஒலிவாங்கியை எவரும் திறக்கலாமெனின், பிறர் பேச்சு ஒட்டுக்கேட்கப்படும். வட்டில் எவரும் நேரே எழுதலாமெனின், ஒருவர் பிழையால் அனைவர் கோப்புகளும் அழியும். லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் இம்முறையையே பின்பற்றுகின்றது.

மதகின் காவல் உழவர்க்குத் தடையன்று; கடைமடைக்கும் நீர் சேர்வதற்கான வழியே அது. கருவியின் காவலும் அத்தகையதே.