சிறு இன நாய்க்குட்டிக்குக் கழிப்பிடப் பழக்கம்

சிறு இன நாய்க்குட்டிக்குக் கழிப்பிடப் பழக்கம் என்பது, வீட்டுக்குள் வளரும் குட்டி சிறுநீரையும் மலத்தையும் வீட்டார் ஒதுக்கிய ஓர் இடத்தில் மட்டும் கழிக்கும்படி படிப்படியாகப் பழக்குவதாகும். குட்டி வீட்டுக்கு வந்த முதல் நாளிலேயே இதைத் தொடங்கலாம். பெரும்பாலான குட்டிகள் பழகி முடிக்கச் சில மாதங்கள் ஆகும். சிறு இனக் குட்டிகள் சிலவற்றுக்கு ஓராண்டு வரையிலும் ஆகலாம். குட்டி தரையை நனைப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் உடல் முதிராமையும், வீட்டார் நேரத்தைத் தவறவிடுவதுமே. இதை அறியாமல் அடித்துத் திருத்த முயல்வதே பழக்கம் கெடுவதற்கு முதன்மைக் காரணமாகிறது.

வாசல் நாயும் வீட்டு நாயும்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த செலியமேடு போன்ற ஊர்களில் நாய் வளர்ப்பது புதிதன்று. ஆனால் அந்த நாய்கள் வாசலிலும் களத்திலும் வளர்ந்தவை; அவற்றுக்குக் கழிப்பிடம் கற்றுக்கொடுக்க யாருக்கும் தேவை ஏற்படவில்லை. தமிழகத்தின் பெயர்பெற்ற இனங்களான இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவையும் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவையே. பொமரேனியன் என்று மக்கள் அழைக்கும் வெள்ளை ஸ்பிட்ஸ், பக், டேஷண்ட், ஷிட்சூ போன்ற சிறு இனங்களோ கூடத்திலும் படுக்கையறையிலும் வளர்கின்றன. வாசல் நாயை வளர்த்த அனுபவம் இங்கு முழுமையாகக் கைகொடுப்பதில்லை.

குட்டியின் உடல்

பிறந்த குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க இயலாது. தாய் நாவால் நக்கித் தூண்டிய பிறகே கழிக்கும். ஏறத்தாழ மூன்று வாரம் ஆனதும் குட்டி தானாகவே படுக்கையை விட்டுச் சற்று விலகிச் சென்று கழிக்கத் தொடங்குகிறது. படுக்கும் இடத்தை அசுத்தமாக்காத இந்த இயல்பே பழக்குதலுக்கு அடிப்படை.

குட்டி எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு. வயதை மாதத்தில் எடுத்து அதனுடன் ஒன்றைக் கூட்டினால், பகலில் அது அடக்கக்கூடிய அதிகபட்ச மணிநேரம் கிடைக்கும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். சிறு இனத்தின் சிறுநீர்ப்பை சிறியது என்பதால் இதையும் குறைத்தே கொள்ள வேண்டும். விழித்திருந்து விளையாடும் நேரத்தில் ஒரு மணிக்கு ஒருமுறைகூட அதற்குத் தேவைப்படலாம்.

சிறு இனங்கள் தாமதமாகப் பழகுவதற்கு வீட்டாரும் ஒரு காரணம். பெரிய நாய் கூடத்தை நனைத்தால் அன்றே நடவடிக்கை எடுப்பவர்கள், கையகல ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கட்டிலுக்கு அடியில் நேர்வது பல நாள் கண்ணில் படுவதே இல்லை. ஒவ்வொரு முறையும் அந்த இடமே கழிப்பிடம் என்ற பழக்கம் குட்டிக்கு உறுதிப்படுகிறது.

பழக்கும் முறை

முதலில் இடத்தை முடிவு செய்ய வேண்டும். கொல்லைப்புறத்தில் ஒரு மூலை போதும். ஒவ்வொரு முறையும் அதே வழியாக அதே மூலைக்குக் குட்டியை அழைத்துச் செல்ல வேண்டும். முன்பு கழித்த வாசனை அங்கு மீண்டும் கழிக்கத் தூண்டும்.

அடுத்தது நேரம். தூங்கி எழுந்தவுடன், உணவு உண்ட ஐந்து முதல் முப்பது நிமிடத்துக்குள், விளையாடி முடித்ததும், இரவு படுக்கும் முன் என இந்த நான்கு வேளைகளில் கட்டாயம் வெளியே கொண்டுசெல்ல வேண்டும். வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் இயங்கத் தொடங்குவதால், உணவு நேரம் ஒழுங்காக இருந்தால் மலம் கழிக்கும் நேரமும் ஒழுங்குக்கு வரும். நாள் முழுவதும் தட்டில் சோறு கிடந்தால் இந்தக் கணக்கு கைவராது.

குட்டி தரையை முகர்ந்துகொண்டே வட்டமிடுவது, விளையாட்டைப் பாதியில் விட்டு மூலைக்குப் போவது, கதவருகே நின்று முனகுவது ஆகியவை முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டதும் தூக்கிச் செல்ல வேண்டும். ‘போயிட்டு வா’ போன்ற ஒரே சொல்லை வீட்டார் அனைவரும் பயன்படுத்தினால் குட்டி விரைவில் புரிந்துகொள்ளும். கழித்து முடித்த ஓரிரு நொடிக்குள், அதே இடத்திலேயே பாராட்டி, வேகவைத்த கோழிக்கறியில் நகத்தளவு கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்த பரிசாகவே குட்டி அதை எடுத்துக்கொள்ளும்.

கவனிக்க ஆள் இல்லாத நேரத்தில், நின்று திரும்பிப் படுக்கும் அளவுள்ள கூண்டிலோ தடுப்புக்குள்ளோ குட்டியை விடலாம். இடம் மிகப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் கழித்துவிடும். அடக்கக்கூடிய நேரத்துக்கு மேல் அடைத்து வைத்தால், படுக்கையிலேயே கழிக்க நேர்ந்து, இயற்கையான தூய்மை உணர்வும் மழுங்கிப்போகும்.

கொல்லை இல்லாத வீடுகளில் செய்தித்தாள் விரித்துப் பழக்கி, அதை நாளுக்குச் சிறிது வாசல் பக்கம் நகர்த்திச் செல்வதுண்டு. தாளில் பழகிய குட்டி, தாத்தா தரையில் வைத்த அன்றைய நாளிதழையும் கழிப்பிடமாகவே கருதும். அதற்குப் பதில் மண்ணோ புல்லோ நிரப்பிய தட்டை வைத்தால் பின்னர் வெளியே மாற்றுவது எளிது.

மழையும் வெயிலும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஓரளவு பழகிய குட்டியும் பின்வாங்கும். தரையோடு ஒட்டி நடக்கும் சிறிய நாய்க்குச் சேறும் குளிரும் வயிறு வரை எட்டும். தாழ்வாரத்தின் கீழ் நனையாத இடத்தில் மணல் தட்டு ஒன்றை மழைக்கு முன்பே வைத்துப் பழக்குவது நல்லது.

கோடையில், தரை நனையும் என்று அஞ்சித் தண்ணீரை நிறுத்துவது ஆபத்தானது. குட்டி எந்நேரமும் குடிக்கத் தண்ணீர் இருக்க வேண்டும். உணவைக் குறைப்பதும் கூடாது. மிகச் சிறிய குட்டிகளுக்குப் பட்டினியால் இரத்தச் சர்க்கரை விரைவில் இறங்கிவிடும்.

தடுப்பூசிக்கு முன்

குட்டிகளுக்குத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடப்படுகிறது. வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி பொதுவாக மூன்றாவது மாதத்தில் போடப்படும். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதம் உயிர்ப்புடன் இருக்கும். ஆகவே தடுப்பூசிகள் முடியும் வரை, பிற நாய்கள் நடமாடும் தெருவோரத்துக்கும் வயல் வரப்புக்கும் கொண்டுசெல்லாமல் சொந்தக் கொல்லையிலேயே பழக்குவது பாதுகாப்பு. குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இப்பகுதியின் கால்நடை மருத்துவக் கல்வி மையமாகும்.

குட்டியின் மலத்தை உடனே அள்ளி, கிணற்றுக்கும் கீரைப் பாத்திக்கும் எட்டத்தில் புதைக்க வேண்டும். கொக்கிப்புழுவும் உருளைப்புழுவும் மண் வழியாகக் குழந்தைகளுக்குப் பரவக்கூடியவை. குடற்புழு நீக்க மருந்தை மருத்துவர் சொல்லும் கால அட்டவணைப்படி கொடுக்க வேண்டும்.

சுத்தம் செய்தல்

மனிதருக்குத் தெரியாத சிறுநீர் வாசனையும் நாயின் மூக்குக்குத் தெரியும். அது மிஞ்சியிருந்தால் குட்டி அங்கேயே திரும்பி வரும். அம்மோனியா கலந்த திரவங்களின் நெடி சிறுநீரை ஒத்திருப்பதால் அவை பயனற்றவை. பினாயில் வகைகளில் உள்ள ஃபீனால் சேர்மங்கள் நாய்க்கு நஞ்சு. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினால் உடலுக்குள் செல்லும். நொதி கலந்த செல்லப்பிராணித் துப்புரவுத் திரவம் சிறந்தது. கிடைக்காவிட்டால் சோப்பு நீரால் கழுவி, சம அளவு நீர் கலந்த வினிகரால் துடைக்கலாம். சலவைக்கல் தரையில் வினிகர் கூடாது; அமிலம் கல்லை அரிக்கும்.

அடித்தால் என்ன ஆகும்

மூக்கை ஈரத்தில் தேய்ப்பதும் அடிப்பதும் பல வீடுகளில் காணப்படும் வழக்கம். பத்து நிமிடம் முன் செய்ததற்கும் இப்போது விழும் அடிக்கும் உள்ள தொடர்பு குட்டிக்கு விளங்காது. கையும் களவுமாகப் பிடித்து அடித்தாலும், மனிதர் முன் கழிப்பது ஆபத்து என்பதையே அது கற்கிறது. அதன் பிறகு கொல்லையில் ஆள் நிற்கும்போது அடக்கிக்கொண்டு, உள்ளே வந்ததும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கழிக்கும். திட்டும்போது காதை மடக்கிக் குனிவது அச்சத்தின் அடையாளம். பலர் இதைக் குற்ற உணர்வு என்று தவறாகக் கொள்கிறார்கள்.

சில குட்டிகள் ஆளைக் கண்ட மகிழ்ச்சியிலோ பயத்திலோ சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விடும். அதைக் குட்டியால் அடக்க இயலாது. அதட்டினால் அதிகமாகும், அமைதியாகக் கடந்தால் வளர வளர மறையும். பழகிய குட்டி திடீரென அடிக்கடி சிறிது சிறிதாகக் கழித்தாலோ சிறுநீரில் இரத்தம் கண்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாந்தியுடன் இரத்தக் கழிச்சல் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

பழகவில்லை என்ற காரணத்தால் தெருவில் விடப்படும் நாய்களும் உண்டு. வீட்டில் வளர்ந்த சிறு இன நாய்க்கு வாகனத்திலிருந்து ஒதுங்கவும், தெரு நாய்களிடமிருந்து தப்பவும், இரை தேடவும் தெரியாது. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, விலங்கை அடித்துத் துன்புறுத்துவதையும் தகுந்த காரணமின்றிக் கைவிடுவதையும் குற்றமாக வரையறுக்கிறது.

உள்ளே கழிக்கத் தொடங்கிய குட்டியைக் கண்டால் மெல்லக் கைதட்டி நிறுத்தி, வெளியே தூக்கிச் சென்று, அங்கு முடித்தால் பாராட்ட வேண்டும். நடந்து முடிந்திருந்தால் பேசாமல் துடைத்துவிட்டு, நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். ஒரு வாரக் குறிப்பைப் பார்த்தாலே எந்த வேளையில் வீட்டார் தவறவிடுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அந்த வேளையில் அரை மணி முன்னதாக வெளியே கொண்டுசென்றால் பெரும்பாலும் அந்தத் தவறு நின்றுவிடும்.