டர்ஃபில் ஃபுட்பால் ஆட ஷூ வாங்கப் போறீங்களா? முதலில் சோலைத் திருப்பிப் பாருங்க!

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் என சென்னையின் தெற்குப் புறநகர் முழுக்க இரவு 10 மணிக்கும் டர்ஃப் மைதானங்களில் லைட் எரிகிறது. மணிக்கணக்கில் வாடகை, ஆளுக்குக் கொஞ்சம் ஷேர், ஐந்துக்கு ஐந்து மேட்ச். ஆபீஸ் முடித்து வருபவர்கள், காலேஜ் பசங்க, ஸ்கூல் பிள்ளைகள் என எல்லாரும் ஆடுகிறார்கள். ஷூ வாங்கும்போது மட்டும் பலர் டிவியில் பார்த்த அதே ஸ்டட் ஷூவைத்தான் கேட்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டர்ஃபுக்குள்ள என்ன இருக்கு?

மேட்ச் முடிந்து ஷூவைக் கழற்றினால் கறுப்பாகக் கொட்டுமே, அது மண் இல்லை. பெரும்பாலும் பழைய டயரை அரைத்து எடுத்த ரப்பர் துகள். ஃபுட்பால் டர்ஃபில் பிளாஸ்டிக் புல் இழைகள் பொதுவாக 40 முதல் 60 மி.மீ. உயரம் இருக்கும். அவை நிமிர்ந்து நிற்கவும், காலுக்கு மெத்தென்று இருக்கவும் இடையில் மணலையும் இந்த ரப்பரையும் நிரப்புவார்கள். அதற்குக் கீழே கெட்டியான தளம்.

இயற்கைப் புல்லில் ஸ்டட் குத்தி நிற்கும்போது உடம்பைத் திருப்பினால், மண் கொஞ்சம் பெயர்ந்து வழிவிடும். செயற்கைப் புல் அப்படிப் பெயராது. நீளமான ஸ்டட் உள்ளே மாட்டிக்கொண்டால் பாதம் அங்கேயே நிற்கும், உடம்பு மட்டும் திரும்பும். அந்த முறுக்கு முழுவதும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் போகிறது. ‘ஜவ்வு கிழிஞ்சிடுச்சு’ என்று சொல்வோமே, அந்த ஏ.சி.எல். காயம் பல நேரம் யாரும் மோதாமலே, இப்படி சட்டென்று திரும்பும்போதுதான் ஏற்படுகிறது. சரியான ஷூ போட்டாலும் அடிபட வாய்ப்பு உண்டு. ஆனால் தப்பான ஷூ போட்டு அதைக் கூப்பிட வேண்டியதில்லை.

பெட்டியில் இருக்கும் 2 எழுத்து

ஷூ பெட்டியில் மாடல் பெயருக்குப் பக்கத்தில் 2 எழுத்து இருக்கும். எஃப்.ஜி. என்றால் இயற்கைப் புல்தரைக்கானது. ஸ்டட் குறைவு, ஆனால் நீளம். ஏ.ஜி. என்றால் செயற்கைப் புல்லுக்கு; ஸ்டட் குட்டையாக, எண்ணிக்கையில் அதிகமாக, பெரும்பாலும் உருண்டையாக இருக்கும். டி.எஃப். ஷூவில் ஸ்டட்டுக்குப் பதில் சோல் முழுக்க சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள். ஐ.சி. தட்டையான சோல், இண்டோர் கோர்ட்டுக்கு. எம்.ஜி. என்றால் பல வகைத் தரைக்கும் பொது.

‘செயற்கைப் புல்லுக்குத்தானே ஏ.ஜி., அதையே வாங்கிடலாமே?’ எனக் கேட்கலாம். புல் உயரமாக, ரப்பர் நிறைவாக உள்ள 11 பேர் ஆடும் பெரிய மைதானத்துக்கு அது சரி. நம்ம ஏரியா வாடகை டர்ஃப் சின்னது. தினமும் பல டீம்கள் ஓடி ஓடி, கோல் போஸ்ட் பக்கமெல்லாம் புல் படுத்து, ரப்பரும் குறைந்திருக்கும். அங்கே ஸ்டட் கீழே உள்ள கெட்டித் தளத்தில் முட்டும். கூழாங்கல் மேல் நடப்பது போல குதிகால் வலிக்கும். டி.எஃப். சோல் எடையைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும். வாரம் 1, 2 முறை ஐந்துக்கு ஐந்து ஆடுபவருக்கு அதுவே போதும். ஸ்டட் ஷூவை உள்ளேயே விடாத டர்ஃப்களும் இருக்கின்றன. வாங்கும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

எஃப்.ஜி. ஷூவைச் செயற்கைப் புல்லில் போட்டு சோல் உடைந்தால், வாரன்டி தராத கம்பெனிகளும் உண்டு.

காலையில் ஸ்கூல் கிரவுண்ட், ராத்திரி டர்ஃப் என ஆடும் பசங்களுக்கு? காய்ந்த கட்டாந்தரையிலும் டி.எஃப். நன்றாகவே ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் கிரவுண்ட் சேறாகும்போதுதான் அது வழுக்கும். அந்த சீசனில் மண் தரையிலும் ஆடுவீர்கள் என்றால் மட்டும் எஃப்.ஜி. ஒரு ஜோடி தனியாகத் தேவைப்படும்.

‘வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசா எடுப்போம்’

இது ஸ்கூல் ஷூவுக்கு ஓகே, ஃபுட்பாலுக்கு வேண்டாம். உள்ளே பாதம் நழுவினால் கணுக்கால் பிசகும், கொப்புளமும் வரும். ஆடும்போது போடும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு, சாயங்காலமாகப் போய் அளவு பாருங்கள். நாள் முழுக்க நடந்ததில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். விரல் நுனிக்கு முன்னால் அரை செ.மீ. அளவு இடம் இருந்தால் போதும். பாதம் அகலமானவர்கள் நீளத்தைக் கூட்டாமல், வேறு மாடல் பார்ப்பது நல்லது.

ஏற்கெனவே டி.எஃப். ஷூ வைத்திருப்பவர்கள் பெருவிரலுக்குக் கீழே உள்ள குமிழ்களைத் தடவிப் பாருங்கள். மழமழவென ஆகிவிட்டால், ஈர டர்ஃபில் பிடிக்காது. அழுக்கானால் ஈரத்துணியால் துடைத்து, பேப்பர் திணித்து நிழலில் காயவிடுங்கள். மே மாத மொட்டைமாடி வெயிலில் வைத்தால் பசை விட்டு, சோல் தனியாக வந்துவிடும்.