உங்களுக்குத் தெரியுமா? எஷர் விட்ட வெள்ளை வட்டம்

நெதர்லாந்து ஓவியர் எம். சி. எஷர் 1956-இல் வரைய முடியாமல் வெறுமையாக விட்ட இடத்தை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து இரண்டு கணித அறிஞர்கள் சமன்பாடு போட்டு நிரப்பினார்கள்!

• படத்தின் பெயர் ‘படக் கண்காட்சி’. கல்லச்சில் எடுத்தது. ஓர் இளைஞன் சுவரில் மாட்டிய துறைமுகப் படத்தைப் பார்க்கிறான். அதில் கப்பல், கரையோர வீடுகள், அந்த வீடுகளுக்குக் கீழே ஒரு காட்சிக்கூடம். அந்தக் கூடத்தில் நின்று படம் பார்ப்பவனும் அவனேதான்! நமக்குத் தலை சுற்றுகிறது. எஷரோ, நடுவில் ஒரு வெள்ளை வட்டத்தை விட்டு அதிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

• வளைந்த கட்டங்களின் மேல் வரைந்த படம் இது. நடுவைச் சுற்றி ஒரு முறை வந்தால் உருவங்கள் 256 மடங்கு பெரிதாகின்றன.

• லைடன் பல்கலைக்கழகத்தின் ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா இதை விமானப் பயணத்தில் ஓர் இதழில் பார்த்தார். வட்டத்துக்குள் என்னதான் இருக்கும்? பார்ட் டி ஸ்மிட்டுடன் சேர்ந்து 2003-இல் விடையை வெளியிட்டார். இருக்க வேண்டியது அதே படம்தான், சுமார் 22.6 மடங்கு சிறுத்து, 157.6 பாகை திரும்பி. அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று... முடிவே கிடையாது.

• இத்தனைக்கும், பள்ளிக் கணக்கில் தான் தேறியதே இல்லை என்று சொன்னவர் எஷர்.

• நிரப்பிய படம் இணையத்தில் அசைபடமாகவே இருக்கிறது. தேடிப் பாருங்கள்.