பூட்டியவர் வீட்டில் அடுப்பெரிந்தது!

கதவடைப்பு என்றால் என்னவென்று தொழிலாளத் தோழர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. காலையிலே சங்கு ஊதவில்லை. ஆலை வாயிலிலே ஒரு காகிதம் தொங்குகிறது. 'மறு அறிவிப்பு வரும்வரை' என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு கையெழுத்து. சோற்றுத் தூக்கோடு வந்து நிற்கும் தொழிலாளியின் கண்முன்னே மளிகைக் கடைப் பாக்கியும், வீட்டு வாடகையும், பிள்ளையின் பள்ளிச் சம்பளமும் அந்த ஒரு வரிக்குள்ளிருந்து எழுந்து வந்து நிற்கின்றன.

ஆலை முதலாளி கதவடைப்பான், அறிவோம். அரசாங்கமே கதவடைக்குமோ?

அடைக்கிறது, தோழர்களே! பஞ்சத்தில் அடிபட்ட நாட்டிலே அல்ல; போரிலே தோற்றுப் பொசுங்கிப்போன பூமியிலே அல்ல. உலகத்துச் செல்வச் சீமான் என்று மார்தட்டும் அமெரிக்காவிலே! 2025 அக்டோபர் 1ஆம் நாள் அங்கே அரசாங்கத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். நவம்பர் 12 இரவுதான் திறந்தார்கள். 43 நாட்கள்! அதுவரை அந்த நாடு கண்டிராத நீண்ட கதவடைப்பு. ஏறத்தாழ 14 லட்சம் அரசு ஊழியர்கள் சம்பளமின்றித் தவித்தார்கள்.

பணம் இல்லையா? கஜானா காலியா? இல்லவே இல்லை. வரி வந்துகொண்டுதான் இருந்தது. பெட்டியிலே பணம் இருந்தது. பெட்டியைத் திறக்கும் சாவிதான் இரண்டு கட்சிகளின் இழுபறியிலே மாட்டிக்கொண்டது.

அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். நம் ஊர்க் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆகவே மாமன்றம் என்றே எழுதுகிறேன். மாமன்றம் சட்டம் இயற்றி ஒதுக்கினாலன்றிக் கஜானாவிலிருந்து ஒரு காசும் எடுக்கலாகாது என்பது அவர்களுடைய அரசியல் சட்டம். நல்ல சட்டம்தான். ஆள்பவன் கை மக்கள் பெட்டிக்குள்ளே நுழையாதிருக்க முன்னோர் போட்ட பூட்டு அது. ஆனால் கள்ளனுக்காக வாங்கிய பூட்டை, வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போடும் அறையிலே மாட்டிவிட்டால்? அதுதான் நடக்கிறது அங்கே!

இது ஆதிநாள் முதலாய் வந்த வழக்கமும் அல்ல. 1980க்கு முன்பும் மாமன்றம் தாமதித்ததுண்டு; கெடு கடந்ததுண்டு. ஆனாலும் அலுவலகங்கள், எப்படியும் பணம் ஒதுக்கப்படும் என்ற நம்பிக்கையிலே, சிக்கனமாக நடந்துகொண்டுதான் இருந்தன. 1980 ஏப்ரலிலே, அன்றைய அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி ஒரு கருத்துரை எழுதினார். 1884ஆம் ஆண்டுச் சட்டமொன்றைச் சுட்டிக்காட்டி, பணம் ஒதுக்கப்படாத அலுவலகம் வேலையை நிறுத்தியே தீரவேண்டும் என்றார். அடுத்த ஆண்டு இன்னொரு கருத்துரை: உயிரையும் உடைமையையும் காக்கும் பணிகள் மட்டும் தொடரலாம் என்று விளக்கம். இடி வானத்திலிருந்து விழவில்லை. வழக்கறிஞர் ஒருவரின் மேசையிலிருந்து வந்தது. அன்று முதல் எந்தத் தகராறு வந்தாலும் ஏழை ஊழியனின் சம்பளத்தைப் பணயம் வைக்கும் பழக்கம் பற்றிக்கொண்டது.

தகராறு என்றால் எப்படிப்பட்ட தகராறு? ஒன்றைக் கேளுங்கள். 1995 நவம்பரிலே, இஸ்ரேல் பிரதமர் ராபினின் இறுதிச் சடங்குக்கு அதிபர் கிளின்டனோடு ஒரே விமானத்திலே போய்த் திரும்பினார் கீழ்மன்றத் தலைவர் நியூட் கிங்ரிச். வழியிலே அதிபர் தம்மோடு பேசவில்லையாம். இறங்கும்போது பின்வாசல் வழியாக இறங்கச் சொன்னார்களாம்! நிதி மசோதா கடுமையானதற்கு அந்த மனக்குறையும் ஒரு காரணம் என்று பத்திரிகையாளரிடம் அவரே சொன்னார். மெய்யான சண்டை வரவு செலவுத் திட்டத்தைப் பற்றியது, மறுக்கவில்லை. ஆனால் பெரிய மனிதர் பின்வாசல் வழியே இறங்கிய வருத்தமும் அதிலே கலந்துகொண்டது. அந்த நவம்பரிலே 8 லட்சம் ஊழியர்கள் வேலையிடத்தின் முன்வாசலையே மிதிக்க முடியாமல் போயிற்று!

★

அரசாங்கம் மூடப்பட்டால் ஊழியர்கள் இரண்டு கூறாகப் பிரிக்கப்படுகிறார்கள்.

முதற் கூறு, 'வீட்டுக்குப் போ' என்று அனுப்பப்படுகிறவர்கள். 2025லே ஏறத்தாழ 6,70,000 பேர். இவர்கள் இரக்கப்பட்டுக் கூலியில்லாமல் வேலை செய்ய வந்தாலும் கூடாது. இலவச உழைப்பை அரசு ஏற்கலாகாது என்கிறது அதே 1884ஆம் ஆண்டுச் சட்டம்.

இரண்டாம் கூறு, 'இன்றியமையாதவர்கள்' என்று பட்டம் சூட்டப்பட்டவர்கள். ஏறத்தாழ 7,30,000 பேர். விமானங்களை வானிலே வழிநடத்துவோர், விமான நிலையத்திலே சோதனை செய்வோர், சிறைக் காவலர். இவர்கள் வேலைக்கு வந்தே ஆகவேண்டும். சம்பளம்? பூட்டுத் திறந்த பிறகு!

ஒருவனிடம், 'வேலை செய்யாதே, செய்தால் குற்றம்!' மற்றவனிடம், 'வேலை செய், கூலி கேட்காதே!' இருவருக்கும் பொதுவானது ஒன்றுதான்: சம்பள நாளன்று வெறுங்கை.

2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை, எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் வேண்டும் என்று அதிபர் டிரம்ப் பிடித்த பிடியிலே, 35 நாட்கள் கதவடைப்பு நடந்தது. கடலோரக் காவற்படையினர் 40,000க்கும் மேற்பட்டோர் 2019 ஜனவரி 15ஆம் நாள் சம்பளமின்றி நின்றார்கள். புயலிலே கடலில் தத்தளிப்பவனைத் தூக்கிவரும் கை, தன் வீட்டுக்கு அரிசி வாங்க முடியாத கையாயிற்று. தலைநகர் வாஷிங்டனிலே, அதிபர் மாளிகைக்கும் மாமன்றக் கட்டடத்துக்கும் இடைப்பட்ட வீதியிலேயே, அரசு ஊழியர்களுக்கென்று இலவச உணவுக்கூடம் திறந்தார் சமையற்கலைஞர் ஹோசே ஆண்ட்ரேஸ். ஆட்சி நடக்கும் வீதியிலே, ஆட்சியின் ஊழியர்களுக்கு அன்னதானம்!

'பிறகுதான் பாக்கியைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்களே' என்பார் சிலர். ஆம், 2019லே அதற்கென்று சட்டமே செய்தார்கள். ஆனால் பசி பாக்கி வைக்குமா? வீட்டுக்காரர் வாடகையைப் பாக்கி வைப்பாரா? வட்டிக்கு வாங்கியவன் கட்டிய வட்டியை எந்தச் சட்டம் திருப்பித் தரும்? அந்தச் சட்டத்தையும் நம்பவிடவில்லை. 2025 அக்டோபரிலே, வீட்டுக்கு அனுப்பப்பட்டோருக்குப் பாக்கி தரத்தான் வேண்டுமா என்று அதிபர் மாளிகையிலிருந்தே ஐயம் கிளப்பினார்கள். ஆயிரக்கணக்கானோர்க்கு வேலைநீக்க அறிவிப்பும் அனுப்பினார்கள். கதவைத் திறந்த சட்டத்திலே அந்த நீக்கங்களை ரத்துச் செய்து, பாக்கியையும் உறுதி செய்யவேண்டி வந்தது.

இதைவிடக் கீழே ஒரு படி இருக்கிறது, தோழர்களே! அந்த அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்குவோர், சிற்றுண்டிச் சாலையிலே தட்டுக் கழுவுவோர், கண்காட்சிச் சாலை வாயிலிலே காவல் நிற்போர். இவர்களிலே பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். 2019ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களைச் சேர்க்கவில்லை. கதவு மூடிய நாட்களின் கூலி இவர்களுக்குத் தள்ளிப்போவதில்லை, அடியோடு தொலைந்துபோகிறது. ஊழியனுக்கு அது தாமதம். ஒப்பந்தக் கூலிக்கு அது களவு!

★

இனி, அரசாங்கத்திடம் சம்பளமே வாங்காத ஏழையின் கதை.

2025லே அமெரிக்காவில் எட்டுப் பேருக்கு ஒருவர், ஏறத்தாழ 4 கோடியே 20 லட்சம் மக்கள், அரசு தரும் உணவு உதவியைக் கொண்டு அடுப்பு மூட்டினார்கள். 1964லே அதிபர் ஜான்சன் காலத்துச் சட்டத்தின் வழி வந்த திட்டம் அது. 2025 நவம்பர் 1ஆம் நாள் அந்த உதவி வரவில்லை. இருப்பு நிதி இருந்தது. அதைத் தொடமாட்டோம் என்றது ஆட்சி. நீதிமன்றம் போனார்கள், 'கொடு' என்றார்கள் நீதிபதிகள். பாதி தருகிறேன் என்றது. முழுவதும் தா என்று கீழ்நீதிமன்றம் சொன்னதும், உச்சநீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கிற்று! அதற்குள் முழுத் தொகையையும் கொடுத்துவிட்ட மாநிலங்களுக்கு, கொடுத்ததை ரத்துச் செய்யுங்கள் என்று வேளாண்மைத் துறை கடிதம் எழுதிற்று. இலையிலே விழுந்த சோற்றை வழித்தெடுக்கச் சொல்லும் கடிதம்!

ஆனால் அதே அக்டோபரிலே, படைவீரர்களுக்குச் சம்பளம் தர வேறு கணக்கிலிருந்து பணம் எடுக்க வழி கண்டார்கள். படைவீரனுக்குக் கொடுத்தது தவறென்று சொல்லமாட்டேன். மனமிருந்தால் வழியுண்டு என்பதற்குத்தான் அதைச் சுட்டுகிறேன். தாய்மார்கள் கை நீட்டியபோது மட்டும் சட்டப் புத்தகம் தடுத்ததா?

இத்தனை பேர் வீட்டிலே அடுப்பு அணைந்ததே, அணைத்தவர் வீட்டிலே? மாமன்ற உறுப்பினருக்கு ஆண்டுச் சம்பளம் 1,74,000 டாலர். கதவடைப்பு நாட்களிலும் அது நிற்பதில்லை. அதற்கு நிலையான ஒதுக்கீடு உண்டு. எங்களுக்கு இப்போது வேண்டாம் என்று சொன்ன உறுப்பினர்கள் சிலர் உண்டு, பாராட்டலாம். ஆனால் சட்டம் அவர்களைப் பட்டினி போடவில்லை. வேண்டாம் என்று சொல்லும் வசதி அவர்களுக்கு இருந்தது. ஒப்பந்தக் கூலிக்கு அது இல்லை.

பூட்டு எப்போது திறக்கிறது என்று பார்த்தால் உண்மை இன்னும் பளிச்சென்று தெரியும். 2019லே 34 நாட்கள் ஊழியர்கள் உணவுக்கூட வரிசையிலே நின்றார்கள், திறக்கவில்லை. 35ஆம் நாள் காலை, ஊதியமின்றி உழைத்த விமானக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் போதிய அளவு வராததால், நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்களை நிறுத்தவேண்டி வந்தது. அன்று மாலையே திறந்தது! 2025லும் நவம்பர் 7 முதல் 40 பெரிய விமான நிலையங்களிலே விமானங்களைக் குறைத்தார்கள். இரண்டே நாளிலே செனட் மன்றத்தில் உடன்பாடு கண்டார்கள். அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏழையின் அடுப்பு அணைந்ததைவிட, விமானம் தாமதமானது விரைவாகக் காதிலே விழுகிறது!

இதே விமானக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் 1981 ஆகஸ்டிலே வேலைநிறுத்தம் செய்தபோது என்ன நடந்தது? 48 மணி நேரக் கெடு வைத்தார் அதிபர் ரேகன். 11,000க்கும் மேற்பட்டோரை ஒரேயடியாக வேலையிலிருந்து நீக்கினார். அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது அங்கே குற்றம். பொதுமக்களுக்கு இடையூறாம்! தொழிலாளி இரண்டு நாள் கைகட்டி நின்றால் குற்றம். ஆள்வோர் 43 நாள் கதவடைத்தால் அரசியல்! எந்த ஊர்த் தராசு இது?

★

2025லே எதற்காக நடந்தது? மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்துக்கு அரசு தந்துவந்த கூடுதல் சலுகை ஆண்டு முடிவோடு தீர்ந்துபோக இருந்தது. 2 கோடிக்கு மேற்பட்டோர் பயன்பெற்ற சலுகை. அதை நீட்டித்தால்தான் ஆதரவு என்றது ஜனநாயகக் கட்சி. முதலில் கதவைத் திற, பிறகு பேசலாம் என்றது குடியரசுக் கட்சி. கோரிக்கை நியாயமானது என்பதே என் கருத்து. ஆனால் வாரங்கள் ஓடின. அக்டோபர் 27ஆம் நாள், அரசு ஊழியரின் பெரிய சங்கமே, சண்டையைப் பிறகு வைத்துக்கொண்டு முதலில் கதவைத் திறவுங்கள் என்று கேட்கவேண்டிய நிலை வந்தது. முடிவிலே வந்தது என்ன? டிசம்பரிலே ஒரு வாக்கெடுப்பு நடத்துவோம் என்ற வாக்குறுதி. வாக்கெடுப்பு நடந்தது, தோற்றது. டிசம்பர் 31ஓடு சலுகையும் காலாவதியாயிற்று. 43 நாள் பட்டினிக்கு நோயாளிக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. நாட்டுக்குக் கிடைத்தது, திரும்பி வராத 1,100 கோடி டாலர் நட்டம் என்று மாமன்றத்தின் வரவு செலவு ஆய்வகமே மதிப்பிட்டது.

மாற்று வழி உண்டா? உண்டு. அமெரிக்காவிலேயே உண்டு! முதியோர் ஓய்வுத்தொகை கதவடைப்பிலே நிற்பதில்லை. நிலையான ஒதுக்கீடு அதற்கு. மாமன்ற உறுப்பினர் சம்பளத்துக்கும் அப்படியே. அந்த நிலையான ஒதுக்கீட்டை ஊழியன் கூலிக்கும் ஏழையின் உணவுக்கும் செய்துவைத்தால், யாரும் யாரையும் பணயம் வைக்க முடியாது.

நாடாளுமன்ற முறையுள்ள நாடுகளிலே சுமை ஏறும் தோளே வேறு. இந்திய அரசியல் சட்டத்தின் 116ஆவது பிரிவு, வரவு செலவுத் திட்டம் நிறைவேறும்வரை இடைக்காலச் செலவுக்கு முன்கூட்டியே ஒப்புதல் பெற வழி வைத்திருக்கிறது. மக்களவையிலே நிதி மறுக்கப்பட்டால் அமைச்சரவை நிலைக்க முடியாது. ஆஸ்திரேலியாவிலே 1975லே மேல்மன்றம் நிதியைத் தடுத்தது. நவம்பர் 11ஆம் நாள் பிரதமர் விட்லம் பதவியிழந்தார். அடுத்த மாதமே மக்கள் வாக்களித்தார்கள். அவரை நீக்கியது முறையா என்று இன்றும் அங்கே வாதம் நடக்கிறது. ஆனால் ஒன்று: பதவி போயிற்றே தவிர, குமாஸ்தாவின் சம்பளம் போகவில்லை. தகராறு செய்தவர்கள் மக்கள் மன்றத்திலே நின்று தீர்ப்புக் கேட்டார்கள்.

அதுதான் முறை. ஆள்வோர் சண்டையிடலாம், கொள்கைக்காகச் சண்டையிடத்தான் வேண்டும். பந்தயப் பொருள் அவர்களுடைய பதவியாக இருக்கட்டும். துப்புரவுத் தொழிலாளியின் வாரக் கூலியாக இருக்கவேண்டாம். செய்த வேலைக்குக் கூலி, கொடுத்தாகவேண்டிய கடன். கடனைப் பிடித்துவைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவன், மாமன்றத்திலே இருந்தாலும் ஆலையிலே இருந்தாலும் ஒருவனே.

பூட்டுகிறவர் வீட்டிலும் அடுப்பு அணையட்டும். அன்றைக்கே சாவி கிடைத்துவிடும்!