சுற்றுச்சூழல் அறிவியல் படித்தால் வேலை எங்கே? காட்டூரிலிருந்து ஒரு குறிப்பு

பழவேற்காடு ஏரிப் பக்கம் காட்டூரில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, அண்ணன் முறை ஆகும் ஒருவர் தன் மகளைக் கூட்டிவந்து நிறுத்தினார். பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல், கடைசி வருஷம். "உன் கம்பெனியில ஏதாவது டெஸ்டிங் வேலை இருந்தா பாருப்பா. இந்தப் படிப்புக்கு வேலையே இல்லைன்றாங்க" என்றார். அந்தப் பெண் எதுவும் பேசவில்லை.

நான் பி.இ. முடித்து இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன். சுற்றுச்சூழல் எனக்கு ஓய்வுநேர ஆராய்ச்சிதான். அதனால் உடனே பதில் சொல்லாமல் ஒரு மாதம் தேடிப் படித்தேன். அவளுக்கு எழுதி அனுப்பியதைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன்.

முதலில், வேலை இல்லை என்பது சரியல்ல. வெறும் பி.எஸ்சி.க்கு வேலை குறைவு என்பதே சரி. எம்.எஸ்சி. முடித்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணிக்கு முயலலாம். யு.ஜி.சி. நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடம். கேட் தேர்விலும் 2021 முதல் இதற்குத் தனித் தாள் வந்துவிட்டது. சென்னையிலேயே உவர்நீர் மீன்வளர்ப்புக்கான சிபா, கடற்கரை மேலாண்மைக்கான என்.சி.எஸ்.சி.எம். என்று மத்திய நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே திட்டப்பணிகளுக்கு அவ்வப்போது ஆள் எடுப்பார்கள். பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றி அறிக்கை தர வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது. அந்தக் கணக்கு எழுதவும் ஆள் வேண்டும்.

ஆனால் காட்டூர்ப் பெண்ணுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது வேறு: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, அதாவது ஈ.ஐ.ஏ.

2006 அறிவிக்கையின்படி, பட்டியலில் உள்ள பெரிய திட்டங்கள் இந்த ஆய்வைச் செய்தாக வேண்டும். வழக்கமாகத் திட்ட இடத்தைச் சுற்றி 10 கி.மீ. வரை காற்று, நீர், மண், உயிரினங்கள், மக்கள் வாழ்க்கை எல்லாம் ஆராயப்படும். பிறகு பெரும்பாலான திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். அறிக்கையைத் தயாரிப்பது நாபெட் அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனங்கள். நீர், காற்று, உயிர்ப்பன்மை, சமூகப் பொருளாதாரம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிபுணர் வேண்டும். எம்.எஸ்சி. படித்தவர்கள் கள உதவியாளராக நுழைந்து, அனுபவம் சேர்த்து நிபுணராக முடியும்.

இது ஏன் அந்த ஊர்ப் பக்கத்துக்கு முக்கியம்? காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரியும் திட்டம். கருத்துக் கேட்பு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு, இரண்டு முறையும் தள்ளிப்போனது. மறுபடி எப்போது அறிவித்தாலும், அந்த அறிக்கையைப் படித்து "இந்த அட்டவணையில் இது விட்டுப்போச்சு" என்று சொல்ல ஊரில் ஓர் ஆள் வேண்டும். சட்டம் 30 நாள் தருகிறது. ஆனால் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது 30 நாள்.

என்ன விட்டுப்போகும்? ஏரிக்கரையில் ஒரு பெரியவர் சொன்னார்: "சித்திரையில ஒரு நாள் வந்து தண்ணிய மொண்டுகினு போனா, ஐப்பசியில ஏரி எப்படி இருக்கும்னு அவங்களுக்கு எப்படி தம்பி தெரியும்?" இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. கடல்நீரின் உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். மழைக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் வந்தால் ஏரியில் உப்பு அதற்கு வெகு கீழே இறங்கும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் சில இடங்களில் கடலையும் தாண்டும். இறால், நண்டு, மடவை எல்லாம் இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் வந்து போகின்றன. மழைக்காலம் நீங்கலாக ஒரே ஒரு பருவத்தில் தரவு எடுக்கும் விரைவு ஆய்வுகளும் வழக்கத்தில் உண்டு. எங்கள் துறையில் சொன்னால், ஒரு நாள் லாகை வைத்து சர்வரின் ஒரு வருஷத்தைத் தீர்மானிப்பது மாதிரி.

இன்னொன்று பாடு முறை. யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்று மீனவர்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. ஏரியில் ஒரு பகுதி கெட்டால் அந்த இடம் மட்டும் போவதில்லை, சுற்றுமுறையே குலைகிறது. படகு எத்தனை, வலை எத்தனை என்று மட்டும் எண்ணும் ஆய்வில் இது வராது.

அதனால் பயிற்சி என்று நான் எழுதி அனுப்பியது மூன்று விஷயம். ஒன்று, கைக்கு அடக்கமான உப்பளவு மானி ஒன்று வாங்கு. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், வாரம் ஒருமுறை அளந்து ஒரு வருஷம் எழுது. இரண்டு, கியூ.ஜி.ஐ.எஸ். இலவச மென்பொருள், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தை அதில் ஏற்றிப் பழகு. மூன்று, பரிவேஷ் இணையதளத்தில் பழைய ஈ.ஐ.ஏ. அறிக்கைகள் இருக்கின்றன. மாதம் ஒன்று படித்து, எங்கே, எப்போது, எத்தனை மாதிரி எடுத்தார்கள் என்று மட்டும் குறித்துவை.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் சஞ்சீவ ராஜ் பல பத்தாண்டுகள் இதே ஏரிக்குத் திரும்பத் திரும்ப வந்து ஆராய்ந்தவர். இந்தத் துறையின் மூலதனம் அதுதான், ஒரே இடத்துக்குத் திரும்ப வருவது. ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு அது பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆரம்பச் சம்பளம் ஐ.டி.யை விடக் குறைவுதான். ஆலோசனை நிறுவனத்துக்குப் பணம் தருவது திட்டத்தைக் கொண்டுவருபவர். அந்த நெருக்கடியும் உண்டு. அண்ணனிடம் இதையும் சொன்னேன்.

போன வாரம் அந்தப் பெண் போன் செய்தாள். "சித்தப்பா, தேதி, நேரம், உப்பு மட்டும் போதுமா? காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னும் எழுதணுமா?"

எழுதணும் என்றேன். டெஸ்டிங் வேலைக்கான அவளுடைய பயோடேட்டாவும் என்னிடம் இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை. அவளே சொன்னால் அனுப்புவேன்.