ஆய்க்குடியில் எழுந்த மறுவாழ்வு

1975. பெங்களூரில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வு. உடல்திறன் சோதனையில் கீழே விழுந்தார் பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன். தண்டுவடம் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது.

வாலிப வயதில் இதைவிடப் பெரிய அடி என்ன இருக்க முடியும்? முறிந்த எலும்பு கூடிவிடும். பலத்த தண்டுவடக் காயம் அப்படி ஆறுவதில்லை. இருக்கும் உடலை வைத்தே அன்றாடத்தைப் புதிதாக அமைத்துக்கொள்ள வேண்டும். குளிக்க, உண்ண, புரண்டு படுக்கக்கூடப் பிறர் கை வேண்டும். அதை ஏற்றுக்கொள்வதுதான் மிகக் கடினம்.

தென்காசி அருகே சொந்த ஊரான ஆய்க்குடியில், 1981இல் ராமகிருஷ்ணன் மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரிலிருந்து வந்தது 'அமர்'. தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் சங்கரராமன் பின்னர் தோள்கொடுத்தார்.

2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.