டிசைன் ஃபோல்டரை யார் யார் திறக்கலாம்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஜக்கார்டு அட்டைக்கு கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுத் தரும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். நெட்வொர்க்கில் வைத்திருக்கும் ஃபோல்டரைத் தன் ஆட்களில் யார் பார்க்கலாம், யார் அழிக்கலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது அவர் கேள்வி.

விண்டோஸில் ப்ராபர்ட்டீஸ் போய் செக்யூரிட்டியைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும். பலரும் அதோடு நின்றுவிடுகிறார்கள். ஒரே ஆள் இரண்டு மூன்று குழுக்களில் இருப்பார். எல்லாக் குழுக்களின் உரிமையும் அவருக்குச் சேரும். அதனால் அட்வான்ஸ்டு உள்ளே எஃபெக்டிவ் ஆக்சஸ் பகுதியில் அவர் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். கூட்டிக் கழித்து அவருக்கு மிஞ்சும் உரிமை அங்கே தெரியும். ஷேரிங் அனுமதி இதிலிருந்து வேறு. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். அந்த மெஷினிலேயே உட்கார்ந்து திறப்பவரை ஷேரிங் அனுமதி தடுக்காது.

எனக்கு மிகப் பிடித்த விசித்திரம் 'டினை'. மேல் ஃபோல்டரில் ஒருவருக்கு டினை போட்டால் உள்ளே எதையும் தொட முடியாது என்றே நினைப்போம். உள் ஃபோல்டரில் அதே ஆளுக்கு நேரடியாக 'அலவ்' இருந்தால் அவர் திறந்துவிடுவார்! மேலே நுழைய முடியாவிட்டாலும், முழுப் பாதையை டைப் செய்தால் பொதுவாக உள்ளே போய்விடலாம். விண்டோஸ் 2000 முதல் வரிசை இதுதான்: நேரடி மறுப்பு, நேரடி அனுமதி, அதன் பிறகே மேலிருந்து இறங்கி வந்த மறுப்பு, கடைசியில் இறங்கி வந்த அனுமதி. பிள்ளைகள் தறிப்பக்கம் போகக் கூடாது என்பது எங்கள் தாத்தாவின் சட்டம். அப்பா என் பெயர் சொல்லித் தார் எடுத்து வரச் சொன்னால் அந்தச் சட்டம் என்னைத் தடுக்காது. அதே கணக்குதான் இங்கும்.

அவசரத்துக்கு 'எவ்ரிஒன்' என்று போட்டு முழு உரிமையும் கொடுத்துவிட்டு மறந்துபோகும் வழக்கம் எனக்கு வேதனை தருகிறது. ஒரு முந்தி டிசைனைக் கட்டம் கட்டமாக நிரப்பி முடிக்க எத்தனை நாள் கண் வலிக்க உட்கார வேண்டும்! புவிசார் குறியீடு காஞ்சிபுரம் பட்டு என்ற பெயரைக் காக்கிறது. உங்கள் யாளியையும் அன்னத்தையும் யாராவது பென் டிரைவில் எடுத்துப் போனால் அது தடுக்காது.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே முடக்குங்கள். பட்டியலில் பெயருக்குப் பதில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் தெரிந்தால், பெரும்பாலும் அது அழிக்கப்பட்ட ஒரு கணக்கின் மிச்சம். அதையும் எடுத்துவிடலாம். குழுவிலிருந்து ஒருவரை நீக்கியிருந்தால், அவர் லாக்-ஆஃப் செய்து மீண்டும் நுழையும்வரை பழைய உரிமை நீடிக்கலாம். அவரை ஒருமுறை வெளியே வரச் சொல்லிவிட்டுப் பட்டியலைப் பாருங்கள்.